அண்ணா நூற்றாண்டு நூலகம்: வாசகர் சேவைகள்

அண்ணா நூற்றாண்டு நூலகம் சென்னை கோட்டூர்புரத்தில் தமிழ்நாடு பொது நூலக இயக்ககத்தின் கீழ் இயங்கும் மாநிலப் பொது நூலகம். எட்டு ஏக்கர் வளாகத்தில் ஒன்பது தளங்களுடன், 12 லட்சம் நூல்களை வைக்கும் கொள்ளளவில் கட்டப்பட்ட இது, 15-9-2010 அன்று முதல்வர் மு. கருணாநிதியால் திறந்து வைக்கப்பட்டது.

நூல் பயன்பாட்டுடன் பொதுமக்களுக்கான பல பணிகளும் இங்கு நடைபெறுகின்றன. பார்வைக் குறைபாடு உடையோருக்கான பிரெய்ல் பிரிவு, படியேறத் தேவையில்லாதபடி தரைத்தளத்திலேயே அமைந்துள்ளது. பிரெய்ல் நூல்களுடன் ஒலி நூல்களும் உண்டு. சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்பதற்கான தனிப் பகுதியை நாடுவோரில் போட்டித் தேர்வர்களே மிகுதி. வீட்டில் அமைதியான இடம் வாய்க்காத மாணவர்களுக்கு நூலகத்தின் மற்றப் பிரிவுகளைவிட இதுவே பெரும்பயன் தருவது எனலாம். சிறுவர்களுக்கெனத் தனிப் பிரிவும் உள்ளது. சனிக்கிழமை மாலைகளில் நடத்தப்படும் 'பொன்மாலைப் பொழுது' நிகழ்ச்சியில் எழுத்தாளர்களும் அறிஞர்களும் உரையாற்றி, வாசகர்களுடன் கலந்துரையாடுகின்றனர். வளாகத்தில் பெரிய கலையரங்கமும் திறந்தவெளி அரங்கும் உள்ளன.

2011 நவம்பரில் நூலகத்தை இடம் மாற்றி, கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்க அன்றைய அரசு முடிவெடுத்தது. எழுத்தாளர்களும் வாசகர்களும் எதிர்த்தனர். வழக்குத் தொடரப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

தமிழ்நாட்டுப் பொது நூலகங்கள் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழிவந்தவை. அச்சட்டப்படி உள்ளாட்சிகள் சொத்துவரியுடன் நூலக வரியும் வசூலிக்கின்றன. அண்ணா நூற்றாண்டு நூலகத்தைத் தொடர்ந்து மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 15-7-2023 அன்று திறக்கப்பட்டது.