நாகைத் துறையில் கப்பல் ஏறியவர்கள்

காவிரிப் பாசன நாட்டு மக்கள் வயலையும் வாய்க்காலையும் விட்டு அகல மனம் இல்லாதவர்கள் என்றொரு அபிப்பிராயம் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஆயினும், தஞ்சை ஜில்லாவின் சரித்திரத்தை நோக்குபவர்களுக்கு, கடலைக் கடந்து சென்றவர்களின் பெருக்கம் வியப்பையே உண்டாக்கும். ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் எடுத்த சூடாமணி விஹாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தைத் தானமாக அளித்ததும், 1025-ஆம் ஆண்டளவில் அவன் குமாரன் ராஜேந்திரன் கடாரத்தின்மீது கடற்படை செலுத்தியதும் அரசர்களின் கதை. பட்டயமோ மெய்க்கீர்த்தியோ பெறாமல், ஒரு பாயும் ஒரு செம்புமாக அதே துறையில் கப்பல் ஏறிய சாதாரண ஜனங்களின் கதையும் ஒன்று உண்டு.

அந்த ஜனங்கள் பெரும்பாலும் தனித்துச் சென்றவர்கள் அல்லர். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் மரக்காயர்களின் பாய்க்கப்பல்கள் துணி மூட்டைகளோடு ஆட்களையும் பினாங்குக்கு ஏற்றிச் சென்ற காலத்திலேயே உறவினரும் ஊராரும் ஒன்றுகூடிப் புறப்படுவதே வழக்கமாயிருந்தது. 1861-62-ல் நாகையையும் திருச்சிராப்பள்ளியையும் இணைத்து ரயில் பாதை அமைந்து, பின்னர் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியாரின் நீராவிக் கப்பல்களும் ஒழுங்காக வரத் தொடங்கவே, உள்நாட்டுக் கிராமங்களுக்கும் மலாய் நாட்டுத் தோட்டங்களுக்கும் இடையே ஒரு நேர்வழி திறந்துகொண்டது.

அவ்வழியில் கூட்டம் சேர்த்தவன் கங்காணி. ரப்பர்த் தோட்டத்திலேயே வேலை செய்துவந்த அவன், துரையிடம் உத்தரவும் சர்க்காரிடம் லைசென்சும் பெற்றுக்கொண்டு சொந்த ஊருக்குத் திரும்பி, தன் உறவினரையும் அண்டை அயலாரையும், மிராசுதாரிடம் தலைமுறைக் கடனில் கட்டுண்டு கிடந்த பண்ணையாட்களையும் திரட்டி, கிராம முனிசீப்பின் கையெழுத்தோடு நாகை டிப்போவில் கொண்டு சேர்ப்பான். அறுவடைக்கு ஆள் குறைகிறதே என்று மிராசுதார்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். போகிறவனுக்கோ அந்த டிப்போவின் வாசலே பண்ணையிலிருந்து தப்பும் வாசலாயிருந்தது. 1907-ல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் செலுத்திய தொகையிலிருந்தே கப்பற்கூலி கொடுக்கப்பட்டதால், பிரயாணச் செலவு தொழிலாளியின் தலையில் கடனாக ஏறவில்லை என்பது உண்மையே. ஆனால் புறப்படுமுன் கங்காணி கொடுத்த முன்பணம் கடனாகவே நின்றது. தான் சேர்த்த ஆள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அவனுக்குத் தலைக்காசு கிடைத்தபடியால், கரை இறங்கிய பிறகும் அவன் பிடி தளரவில்லை.

வைத்திய சோதனையும் அம்மை குத்துதலும் முடிந்து கப்பல் ஏறும் நாளே பலருக்கு முதல் சோதனை நாளாயிற்று. நாகையில் பெரிய கப்பல் கரையை அணைய ஆழம் இல்லாமையால், அது கடலில் தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஜனங்கள் படகுகளில் ஏறிச் சென்று, அலை படகை மேலே தூக்கும் அந்த ஒரு கணத்தில் ஏணிப்படியில் காலை எடுத்து வைக்கவேண்டும், தயங்கினால் படகு ஓர் ஆள் உயரம் கீழே இறங்கிவிடும். மேலே சென்றதும் பாய் விரிக்க இடம் பிடிக்கும் போட்டி. இயந்திரத்தின் வெப்பம் தாக்காத, காற்று வரும் மூலை எதுவென்று முன்பே போய்வந்தவர்கள் அறிந்திருந்தார்கள். அறையும் இல்லை, கட்டிலும் இல்லை. ஏறக்குறைய ஒரு வார காலம் தளமே வீடு. பெரிய பாத்திரங்களில் வெந்த சோறும் பருப்பும் வந்தாலும், தலைசுற்றலில் கிடந்தவர்களுக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த ஊறுகாயும் எலுமிச்சையுமே ஆதாரம். பினாங்கை அடைந்த பின்னும் நேரே ஊருக்குள் போக வழியில்லாமல், தொற்றுநோய்க்கு அஞ்சிய அதிகாரிகள் ஜெரஜாக் தீவில் பலரைத் தங்கவைத்தார்கள்.

இந்த முறைக்கு 1938-ல் முடிவு வந்தது. தோட்டத் தொழிலாளரை உதவிப் பணத்தில் அனுப்புவதை இந்திய சர்க்கார் தடை செய்தது. கப்பல்கள் நிற்கவில்லை. 1926-ல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட ரஜூலா, தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பிரயாணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. அதே வழியில் ஓடிய ரோனா 1943-ல் அல்ஜீரியாக் கரைக்கு அப்பால் ஜெர்மானியர் குண்டுக்கு இரையாயிற்று. ரஜூலாவோ யுத்தத்தைத் தப்பி 1973 வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று உழைத்தது. யுத்தத்துக்குப் பிறகு அதில் ஏறியவர்கள் தாமே டிக்கெட் வாங்கியவர்கள். கல்யாணத்துக்கு ஊர் திரும்பும் குடும்பங்களும், ஜவுளியும் மசாலாவும் கொண்டுசெல்லும் வியாபாரிகளும், பெட்டி நிறையச் சாமான்களோடு அண்ணனைத் தேடிப் போகும் தம்பிகளுமாகத் தளம் நிறைந்தது. அப்போதும் ஜனங்கள் கூட்டமாகவே போனார்கள். ஆனால் எந்தக் கூட்டத்தோடு போவது என்பதைத் தாமே தீர்மானித்தார்கள். ரஜூலாவுக்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியதோடு அந்தப் பிரயாணிக் கப்பல் மரபு அற்றுப்போயிற்று.

2023 அக்டோபரில் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் மீண்டும் விடப்பட்டது. உல்லாசக் கப்பலுக்குக் கூட்டமாக முன்பதிவு செய்துதரும் ஏஜெண்டுகளும் இப்போது பெருகியிருக்கிறார்கள். குளிர்சாதன அறையும் விருந்து மண்டபமும் கொண்ட அந்தக் கப்பலுக்கும் பாய் விரித்த தளத்துக்கும் ஒப்புமை தேடுவது வீண். எனினும் நூற்றாண்டுக் கால அனுபவம் காட்டுவது ஒன்று உண்டு: கூட்டுப் பயணத்தின் சுகதுக்கம் கப்பலின் வசதியால் மட்டும் தீர்மானமாவதில்லை. கூட்டம் சேர்ப்பவனுக்கு லாபம் எங்கிருந்து வருகிறது, செலுத்திய பணம் யார் கையில் இருக்கிறது, வழியில் இடையூறு நேர்ந்தால் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் யார் என்ற கேள்விகளே அதைத் தீர்மானிக்கின்றன. கங்காணியிடம் இவற்றைக் கேட்கும் நிலையில் அந்தப் பண்ணையாள் இருக்கவில்லை. இன்று முன்பணம் கட்டும் நாம் கேட்காமலிருக்க யாதொரு காரணமும் இல்லை.