சவோயா அரச குடும்பம் தாயகம் திரும்பியது

இத்தாலியின் கடைசி அரச மரபான சவோயா குடும்பத்தின் ஆண் வாரிசுகள் 56 ஆண்டுகள் தாய்நாட்டு மண்ணை மிதிக்க முடியாதிருந்தனர். அந்தத் தடை நீங்கியபின், 2002 டிசம்பர் 23 அன்று அவர்கள் முதன்முறையாக ரோம் வந்தனர்.

1861இல் இத்தாலி ஒரே நாடாக இணைந்தபோது அரியணை ஏறியது சவோயா மரபே. அதன் வீழ்ச்சிக்கு மூன்றாம் விட்டோரியோ இமானுவேலே மன்னரின் செயல்களே முதற்காரணம். 1922இல் முசோலினியை ஆட்சி அமைக்க அழைத்தவர் அவர். யூதர்களின் உரிமைகளைப் பறித்த 1938ஆம் ஆண்டின் இனச் சட்டங்களில் ஒப்பமிட்டவரும் அவரே. 1943 செப்டம்பரில், ஜெர்மானியப் படைகள் நெருங்கியபோது, தலைநகரைக் கைவிட்டுத் தெற்கே பிரிண்டிசிக்குத் தப்பிச் சென்றார். மக்கள் இதை மன்னிக்கவே இல்லை. 1946 மே மாதம் மகன் உம்பர்ட்டோவுக்கு முடியை விட்டுக்கொடுத்தும் பயனில்லை. ஜூன் 2 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் குடியரசுக்கு 1.27 கோடி வாக்குகளும் முடியாட்சிக்கு 1.07 கோடி வாக்குகளும் விழுந்தன. தெற்குப் பகுதி மன்னர் பக்கமும் வடக்குப் பகுதி குடியரசின் பக்கமும் நின்றன. ஒரு மாதமே அரசாண்ட உம்பர்ட்டோ ஜூன் 13 அன்று நாட்டைவிட்டு வெளியேறி, போர்ச்சுகலின் கஷ்காய்ஷில் குடியேறினார். அப்போது அவருடைய மகன் விட்டோரியோ இமானுவேலேவுக்கு வயது 9.

1948 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 13ஆவது இடைக்கால விதி, முன்னாள் மன்னர்களும் அவர்களுடைய மனைவியரும் ஆண் வழித்தோன்றல்களும் நாட்டுக்குள் நுழையத் தடை விதித்தது. குடும்பத்தினரின் வாக்குரிமையும் பறிபோனது. நாட்டிலிருந்த சொத்துகள் அரசுடைமையாயின. பெண் பிள்ளைகளுக்கு நுழைவுத் தடை இல்லை. பாசிசத்திலிருந்து அப்போதுதான் மீண்டிருந்த ஒரு குடியரசு தன்னைக் காத்துக்கொள்ள எடுத்த நடவடிக்கை என்ற அளவில் இது புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் 1972இல் ஜெனீவாவில் பிறந்த, உம்பர்ட்டோவின் பேரன் இமானுவேலே ஃபிலிபெர்ட்டோவையும் அது கட்டுப்படுத்தியது. பிறக்குமுன்பே விதிக்கப்பட்ட தண்டனையை நியாயம் என்று சொல்வது கடினம். இத்தாலியில் உயிர்விட விரும்பிய உம்பர்ட்டோ, அது கைகூடாமலே 1983இல் ஜெனீவாவில் இறந்தார். அவர் இறந்தபின், கைம்பெண் மன்னரின் மனைவி ஆகமாட்டார் என்ற சட்ட விளக்கத்தின் பேரில் மரி ஜோசே அரசிக்கு மட்டும் வழி திறந்தது.

2002 பிப்ரவரியில் விட்டோரியோ இமானுவேலேவும் அவருடைய மகன் இமானுவேலே ஃபிலிபெர்ட்டோவும் குடியரசுக்கு விசுவாசம் தெரிவித்துக் கடிதம் எழுதினர். அவ்வாண்டு அக்டோபரில் வெளியான அரசியலமைப்புத் திருத்தச் சட்டம் நுழைவுத் தடையையும் வாக்குரிமைத் தடையையும் நீக்கியது. சொத்துப் பறிமுதலைத் தொடவில்லை. முதல் வருகையில் அவர்கள் வத்திக்கானில் போப் இரண்டாம் ஜான் பாலைச் சந்தித்தனர். 2003 மார்ச்சில், விட்டோரியோ இமானுவேலே பிறந்த ஊரான நேப்பிள்ஸுக்குச் சென்றபோது எதிர்ப்பும் இருந்தது. 2007இல் நாடுகடத்தலுக்கு இழப்பீடாக 26 கோடி யூரோ கோரியது குடும்பத்தின் பெயரை மேலும் கெடுத்தது. அந்த மரபிடமிருந்து நாடு எதிர்பார்த்தது மன்னிப்பையே. இனச் சட்டங்களுக்காக இத்தாலிய யூதர்களிடம் இமானுவேலே ஃபிலிபெர்ட்டோ 2021இல் அதைக் கேட்டார்.

இறந்தவர்கள் திரும்ப இன்னும் நாளாயிற்று. 1947இல் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இறந்த மூன்றாம் விட்டோரியோ இமானுவேலேவின் உடல் 2017 டிசம்பரில் இத்தாலியின் விக்கோஃபோர்ட்டே ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அதை விமானப்படை விமானத்தில் கொண்டுவந்ததைப் பலர் கண்டித்தனர். உம்பர்ட்டோவும் மரி ஜோசேயும் பிரான்சின் ஓத்கோம்ப் மடாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அம்மடாலயம் இருப்பது, 1860இல் பிரான்சுக்கு விட்டுக்கொடுக்கப்பட்ட சவோயாவில்; இந்தக் குடும்பத்தின் பூர்வீக நிலம் அது.