நாளையைக் கணக்கிட்ட மூன்று ஆய்வேடுகள்

கடல் மட்டத்திலிருந்து 6,226 அடி உயரத்தில் அமைந்துள்ளது பட்டிப்பொலப் புகையிரத நிலையம். இலங்கையில் இதனினும் உயர்ந்த நிலையம் வேறில்லை. நானுஓயாவிலிருந்து அப்புத்தளை வரை இருப்புப்பாதை 1893 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட காலந்தொட்டு, இம்மலைப் பாங்கில் இருவகை ஊழியர் அருகருகே வாழ்ந்து வந்துள்ளனர். ஒரு வகையினர் புகையிரதப் பகுதியின் அரசாங்க ஊழியர். மற்றொரு வகையினர் சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் வாழும் தொழிலாளர். இருவரும் ஒரே மழையில் நனைகின்றனர். ஒரே பனியில் நடுங்குகின்றனர். ஆயினும் இருவர்தம் முதுமையும் ஒரு தன்மையதன்று.

நிரந்தர அரசாங்க ஊழியருக்கு ஓய்வூதியம் உண்டு. அவர் இறந்துபடின், மனைவி மக்களைக் காத்தற்கென விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய நிதி 1898 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால் ஏற்படுத்தப்பட்டது. தோட்டத் தொழிலாளருக்கு உரியது, 1958 ஆம் ஆண்டின் சட்டத்தின்வழி வந்த ஊழியர் சேமலாப நிதி. இன்று அதற்குத் தொழிலாளர் சம்பளத்தில் 8 சதவீதத்தையும், வேலைகொள்வோர் 12 சதவீதத்தையும் செலுத்துகின்றனர். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அத்தொகையை மொத்தமாகப் பெறலாம்.

இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு பணத்தின் அளவில் மட்டும் அடங்குவதன்று. ஓய்வூதியம் பெறுபவர் எத்துணை ஆண்டு வாழினும் அது தொடர்ந்து வரும். மொத்தத் தொகையோ செலவாகும் வரையே இருக்கும். ஒருவர் 60 வயதில் மறைவாரோ, 90 வயது வரை வாழ்வாரோ என்பது எவரும் அறியாத ஒன்று. அவ்வறியாமையின் சுமையை முன்னவர்க்கு நிதி தாங்குகின்றது; பின்னவரோ அதனைத் தாமே தாங்குகின்றார். இச்சுமை எவ்வளவு, அதனைப் பலர் தோளிலே பகிர்ந்து வைப்பது எங்ஙனம் என்பனவற்றை ஆராயும் துறையே காப்புறுதிக் கணிப்பியல். நிதியியலும் இதனோடு உடன்பிறந்ததே.

இத்துறையின் தொடக்கம் பழையது. வால்வெள்ளியால் பெயர் பெற்ற எட்மண்ட் ஹாலி, பிரெஸ்லோ நகரின் பிறப்பிறப்புப் பதிவுகளைக் கொண்டு 1693 ஆம் ஆண்டிலே ஓர் ஆயுள் அட்டவணையை வெளியிட்டார். 1744 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் திருச்சபைக் குருமார், தம் விதவையர்க்கும் பிள்ளைகட்கும் கணித முறைப்படி ஒரு நிதியை அமைத்தனர். 1848 இல் இலண்டனில் கணிப்பாளர் கழகம் தோன்றியது. அக்காலத்தில் இத்தொழிலைக் கற்க விரும்பியோர் அலுவலகத்தில் அமர்ந்து பழகினர். கழகத்தின் பரீட்சைகளை எழுதினர். பல்கலைக்கழகத்துக் கலாநிதிப் பட்ட ஆய்வாக இது மலர்ந்த வரலாறு 20 ஆம் நூற்றாண்டுக்கு உரியது. மூன்று இளைஞர்களின் ஆய்வேடுகள் அவ்வரலாற்றை நன்கு விளக்கும்.

முதலாமவர் லூயி பாஷெலியே. பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகத்தில் 1870 ஆம் ஆண்டு பிறந்தவர். திராட்சை மது வணிகரின் மகன். 1889 இல் தாயும் தந்தையும் அடுத்தடுத்து மறைந்தனர். உயர்கல்வியை நாடவேண்டிய வயதில் குடும்ப வணிகத்தையும் உடன்பிறந்தாரையும் பேணும் கடமை அவர்மேல் வீழ்ந்தது. பின்னர் இராணுவ சேவையையும் முடித்துக்கொண்டு பாரிஸ் சென்று, 1900 ஆம் ஆண்டு மார்ச் 29 ஆந் தேதி தம் ஆய்வேட்டைப் பரீட்சகர் முன் வைத்தார். பங்குச் சந்தையின் விலை ஏற்றவிறக்கங்களே அவர் எடுத்துக்கொண்ட பொருள். அடுத்த கணத்தில் விலை ஏறுமோ இறங்குமோ என்பதை எவராலும் சொல்லவியலாது. ஆயினும் அவ்வறியாமைக்கும் ஓர் ஒழுங்குண்டு, அதனைக் கணிதத்தால் எழுதலாம் என அவர் காட்டினார். நீரில் மிதக்கும் நுண்துகள்களின் அலைவை ஐன்ஸ்டைன் 1905 இல் விளக்குவதற்கு ஐந்தாண்டுகள் முன்பே, அதனோடு ஒத்த கணிதத்தைப் பாஷெலியே வகுத்துவிட்டார்.

பரீட்சகருள் ஒருவரான பேரறிஞர் புவான்கரே, ஆய்வின் புதுமையைப் பாராட்டினார். எனினும் கணித மாணவர் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் பொருளுக்கு இது தொலைவானது என்றும் குறித்தார். உயர்ந்த பாராட்டுத் தரம் அதற்குக் கிட்டவில்லை. நிலையான பேராசிரியர் பதவி 1927 ஆம் ஆண்டிலேதான் பெசான்சோன் நகரில் வாய்த்தது. 1946 இல் பாஷெலியே மறைந்தார். 1950களில் அமெரிக்கப் பொருளியலறிஞர் போல் சாமுவேல்சன் அவ்வேட்டைப் படித்து வியந்த பின்னரே உலகம் அதன்பால் திரும்பிற்று. இன்றைய நிதிக் கணிதம் முழுவதும் அவ்வேட்டை முன்னோடியாகப் போற்றுகின்றது.

இரண்டாமவர் சுவீடன் நாட்டுப் பிலிப் லுண்ட்பெரி. 1903 ஆம் ஆண்டில் உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அதுகாறும் கணிப்பாளர் ஒவ்வொரு காப்புறுதிப் பத்திரத்தையும் தனித்தனியே நோக்கினர். லுண்ட்பெரியோ முழு நிதியையும் ஒரு குளமாக நோக்கினார் எனலாம். கட்டுப்பணம் சிற்றோடைபோல ஓயாது வந்து சேர்கின்றது. இழப்பீடுகளோ எதிர்பாரா வேளைகளில் மதகு திறந்தாற்போல நீரை இறைக்கின்றன. குளம் என்றேனும் வற்றிவிடுமோ? இந்நோக்கிலிருந்தே காப்புறுதி நிதியின் அழிவு பற்றிய கோட்பாடு வளர்ந்தது. ஆயினும் அவர் எழுத்து படித்தோர்க்கு எளிதில் விளங்கவில்லை. ஆயுட்காப்புறுதிக் கம்பனியொன்றில் கணிப்பாளராகப் பணிபுரிந்து, 1929 இல் ஸ்டொக்ஹோம் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்குப் பேராசிரியரான ஹரால்ட் கிரமேர் என்பாரே அதனைத் தெளிவுறுத்தினார். அரிதாய் நிகழும் பேரிழப்பின் நிகழ்தகவைத் துல்லியமாக அளக்கும் தேற்றமொன்றையும் அவர் 1938 இல் வெளியிட்டார்.

அத்தேற்றத்தின் பயனைத் தோட்டப்புற மரண உதவிச் சங்கத்தைக் கொண்டே உணரலாம். ஒரு சங்கத்தில் 100 குடும்பங்கள் உள்ளன என்றும், ஓராண்டில் ஒரு குடும்பத்தில் மரணம் நேரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றும், ஒன்றன் துயர் மற்றொன்றைத் தொடராதென்றும் கொள்வோம். சராசரியாக ஆண்டுக்கு ஒரு மரணம் எதிர்பார்க்கலாம். ஆனால் மூன்றோ அதற்கு மேலோ நேரும் வாய்ப்பு நூற்றில் எட்டளவு ஆகும். அவ்வாண்டிலே சங்கத்தின் பெட்டி காலியாகிவிடும். அதே நிலையில் 10,000 குடும்பங்கள் ஒன்றுசேரின், எதிர்பார்ப்பு 100 மரணம். அது மும்மடங்காகி 300 ஆகும் வாய்ப்போ, இல்லையென்றே சொல்லத்தக்க அளவு சிறியது. ஆனால் ஒரு கொள்ளைநோய் எல்லா லயங்களிலும் ஒருங்கே புகுமாயின் இக்கணக்குப் பிழைபடும். எப்பொழுது நம்பலாம், எப்பொழுது அஞ்சவேண்டும் என்று வரையறுப்பதே ஆராய்ச்சியாளர் பணி.

மூன்றாமவர் தமிழர். 1940 ஆம் ஆண்டு சென்னையிற் பிறந்த சீனிவாச வரதன், பொன்னேரியிற் பாடசாலை ஆசிரியராயிருந்து அதிபராக உயர்ந்த ஒருவரின் மகன். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, 1959 இல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனத்தை அடைந்தார். தொழிற்சாலைப் பொருள்களின் தரத்தைக் கண்காணிக்கும் முறையைக் கற்பதே அவர் முதல் எண்ணம். அங்கே பார்த்தசாரதி, வரதராஜன், ரங்காராவ் என்னும் சக மாணவரின் கூட்டுறவு அவரை நிகழ்தகவுக் கணிதத்தின்பால் ஈர்த்தது. அவ்விளைஞர் தமக்குள்ளே ஒருவருக்கொருவர் கற்பித்து, புதிய நூல்களைத் தாமே படித்து முன்னேறினர். மேற்பார்வையாளரான சி. ஆர். ராவ் அவர்களும் அவர்களைத் தம் வழியே செல்லவிட்டார். 1962 இல் கல்கத்தா வந்த சோவியத் கணித மேதை கொல்மகோரொவ் முன்னிலையில் வரதன் தம் ஆய்வை எடுத்துரைத்தார். 1963 இல் பட்டம் பெற்று நியூயோர்க் சென்றார். கிரமேர் ஊன்றிய விதையை அங்கே அவர் பெருமரமாக்கினார். அரிய நிகழ்ச்சிகள் பற்றிய பெருவிலகற் கோட்பாட்டை ஒருங்கிணைத்து வகுத்தமைக்காக 2007 ஆம் ஆண்டின் ஏபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

இம்மூவர் வரலாற்றிலும் கருதத்தக்கது ஒன்றுண்டு. பாஷெலியேயின் ஏடு அரை நூற்றாண்டு உறங்கிற்று. லுண்ட்பெரியின் ஏடு உரையாசிரியரை வேண்டிக் காத்திருந்தது. வரதனின் பெரும்புகழ் பட்டத்திற்கு நாற்பத்துநான்கு ஆண்டுகள் பின்னர் வந்தது. கலாநிதிப் பட்ட ஆய்வு என்பது பெரும்பாலும் தனிமையிற் செய்யும் தவம். உடன் பயில்வோர் துணை வாய்ப்பின் அத்தவம் எளிதாகும். அதன் பயனை உலகம் உடனே கண்டுகொள்ளும் என்னும் உறுதி எவருக்கும் இல்லை.

மலையகத்தின் வரலாறு, ஒரு நோக்கில், பிறர் எழுதிய கணக்கின் வரலாறு. தோட்டத்தில் தொழிலாளரை மேற்பார்த்தவர் பெயரே கணக்கப்பிள்ளை. பெரட்டுக்களத்திற் பெயர் எண்ணப்பட்டது; கொழுந்து நிறுக்கப்பட்டது; கடன் துண்டில் எழுதப்பட்டது. 1921 இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவர் என்னும் கணக்கிலே சேர்க்கப்பட்டனர். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். எண்ணப்பட்ட மக்களின் பிள்ளைகள் எண்ணுபவராக வருவதற்கு வழி அவ்வாறு மெல்லத் திறந்தது.

வாழ்நாள் உழைத்துப் பெறும் மொத்தத் தொகையை, இறுதி மூச்சுவரை மாதந்தோறும் வரும் ஊதியமாக மாற்ற எவ்வளவு வேண்டும்? மலைநாட்டில் ஆண் பெண் ஆயுள் எத்துணை? விலைவாசி ஏறுங்கால் அந்நிதி தாங்குமா? இவை ஆய்வேட்டுக்கு உரிய வினாக்கள். பொன்னேரிப் பாடசாலையின் நிழலிலே வளர்ந்த பிள்ளை உலகறிந்த கணித மேதையாயினன். பட்டிப்பொலப் பாடசாலையிற் பின்னங்களைக் கற்கும் பிள்ளைக்கும் அவ்வழி அடைக்கப்பட்டதன்று. தன் பாட்டியின் முதுமையை அளந்து காக்கும் கணக்கை அப்பிள்ளையே எழுதும் நாளில், மலையகம் தன் கணக்கைத் தானே எழுதிக்கொள்ளும்.