கோவிற்பட்டி ஓவியரும் சோழமண்டலத்து ஓவியரும்

சென்ற ஆண்டுத் தேர்வு முடிந்த சமயம், என்னிடம் தமிழ் பயிலும் மாணவன் ஒருவனுடைய தந்தையார் என்னைக் காண வந்தார். பையன் ஓயாது படம் எழுதுகின்றான் என்றும், அதனை விடுமாறு தாங்கள் புத்தி கூறவேண்டும் என்றும் வேண்டினார். "படம் எழுதினால் அடுப்பு எரியுமா, ஐயா?" என்பது அவர் வினா. தறியை நம்பி வாழ்ந்த குடும்பத்தார் கேட்கத்தக்க வினாவே அது. அன்று விடை கூறாது அனுப்பினேன், ஈண்டுக் கூறுகின்றேன்.

திருக்குற்றாலத்துச் சித்திர சபையைக் காணாதார் நம்முள் அரியர். கூத்தப்பெருமான் ஆங்குச் சுவரோவியமாகவே காட்சி தருகின்றான். அத்தகைய ஓவியம் வல்லார் பண்டு கோயிலையும் அரசரையும் சார்ந்து வாழ்ந்தனர். அவ்விரு நிழலும் சுருங்கிய இருபதாம் நூற்றாண்டில் ஓவியன் எதனைச் சார்ந்து வாழ்வது? சென்னையில் 1850-ஆம் ஆண்டு ஹண்டர் என்னும் ஆங்கில மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளியிற் பயின்ற இருவர், வெவ்வேறு காலத்தில் இதற்கு வெவ்வேறு விடை கண்டனர்.

முன்னவர் கொண்டைய ராஜு. 1898-இல் சென்னை மயிலாப்பூரில் தோன்றியவர். கலைப்பள்ளியில் மேனாட்டு முறைப்படி ஒளியும் நிழலும் அமைத்து உருவெழுதக் கற்றார். பின்னர்த் துறவுள்ளம் கொண்டு திருவண்ணாமலையில் இரமண மகரிஷிகளின் ஆசிரமத்தில் சில காலம் தங்கினார்; மணம் புரிந்திலர். வயிற்றுப்பாட்டிற்கு அவருக்கு வாய்த்தது நாடகக் கம்பெனியில் திரைச்சீலை எழுதும் தொழில். அரசவை, வீதி, காடு, நந்தவனம் என்று ஆளுயரத்திற்கும் மேற்பட்ட சீலைகளில் எழுதியெழுதிக் கை பண்பட்டது. 1942-இல் அவர் சார்ந்திருந்த குழு கோவிற்பட்டியிற் கலைந்தது. அவ்வூரிலேயே தங்கிவிட்டார், சுப்பையா, இராமலிங்கம் முதலிய மாணாக்கர் அவரைச் சூழ்ந்தனர்.

அண்மையிலுள்ள சிவகாசியிலோ, தீப்பெட்டிக்கும் பட்டாசிற்கும் ஒட்டுத்தாள் அச்சிட்ட அச்சகங்கள் நாட்காட்டியிலும் கைவைத்தன. அவற்றிற்காகக் கோவிற்பட்டியினர் எழுதிய முருகனும் இலக்குமியும் மீனாட்சி கல்யாணமும் மளிகைக் கடைக்காரர் பெயரோடு ஊரூராய்ச் சென்றன. முந்திய தலைமுறையில் இரவிவர்மா தொடங்கிய வழிதான் இது. ஆயினும் இவர்தம் தெய்வங்கள் நம்மை நேர்நோக்கி நிற்கும் நிலையும், பின்னே விரியும் மலையும் பொய்கையும் நாடக மேடையின் கொடை. ஆண்டு கழிந்ததும் தேதித்தாள் போய்விடும். படம் மட்டும் சட்டமிடப்பெற்றுப் பூசை அறை ஏறும். 'காலண்டர்ப் படம்' என்று இகழ்வார் உளர். யான் இகழேன். கோயிலுக்குச் செல்ல இயலாத கிழவி ஒருத்தி காலையிற் கண்விழிப்பது அப்படத்தில்தான். அவர் 1976-இல் மறைந்தார்.

பின்னவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரிற் பிறந்து, தந்தி இலாகாவில் ஊழியம் பார்த்து, இருபத்தைந்தாம் வயதிலேதான் கலைப்பள்ளியிற் சேர்ந்தார். அப்பொழுது அதன் தலைவர், மெரினா உழைப்பாளர் சிலையைச் சமைத்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. பணிக்கர் 1957-இல் அத்தலைமையை ஏற்றார். மேனாட்டு ஓவியங்களை நேரிற் கண்டும், நம் மரபிற்குரிய வடிவம் யாது என்று தேடி, 1963 முதல் சாதகக் கட்டம்போலும் ஏட்டெழுத்துப்போலும் தோன்றும் குறிகளைக் கொண்டே படம் எழுதினார். எழுத்துப்போல் இருக்கும், படிக்க இயலாது. முதலிற் கண்டபொழுது எனக்கும் விளங்கவில்லை; பண்டிதனாதலின் எழுத்தைக் கூட்டிப் படிக்க முயன்றேன்!

அவர் மாணாக்கரும் நண்பரும் அடுப்பெரிய வழி கண்டது எவ்வாறு? நம்மவர் கவனிக்க வேண்டுவது இது. துணியில் மெழுகு தீட்டிச் சாயத்தில் தோய்த்தால், மெழுகு பட்ட இடம் நிறம் ஏலாது நிற்கும். பாத்திக் என்னும் இத்தொழிலாலும் பிற கைவினைகளாலும் பொருள் ஈட்டி, 1966-இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் என்னும் ஓவியர் சிற்றூரை அமைத்தனர். சாயமும் துணியும் அறியாத குலமா நம்முடையது?

பெற்றோர்க்கு யான் இவ்வரலாற்றைக் கூறியபின், பையன் பள்ளிப்படிப்பை முடிக்கட்டும், படமும் எழுதட்டும் என்று இசைந்தனர். நம் உறுப்பினரிடம் ஒரு வேண்டுகோள். பழைய காலண்டர்களைப் போகியன்று எரிக்குமுன் படத்தின் கீழோரத்தைச் சிறிது நோக்குக. கொண்டைய ராஜு, சுப்பையா என்னும் பெயர்கள் காணப்படின் எனக்குச் சொல்லியனுப்புக. அம்மாணவன் அவற்றைப் பார்த்தெழுதிப் பழக விரும்புகின்றான்.