புரோட்டமின்

ஸால்மன், ஹெர்ரிங், ஸ்டர்ஜன் முதலிய மீன்களின் விந்தணுத் தலையில் டி.என்.ஏ.வோடு பிணைந்து கிடக்கும் சிறு புரதம். ஏறத்தாழ 30 அமினோ அமிலங்களே கொண்ட இப்புரதத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆர்ஜினின் என்னும் ஒரே அமிலமாக இருப்பதும், அக்காரணத்தால் அது மிகுந்த நேர்மின்னேற்றம் தாங்கி நிற்பதும் இதன் குணங்கள் யாவற்றுக்கும் மூலகாரணம் எனலாம்.

1869இல் டூபிங்கன் நகரில், புண்களின் கட்டுத்துணியில் ஊறிய சீழிலிருந்து, இன்று டி.என்.ஏ. எனப்படும் பொருளடங்கிய நியூக்ளீனைப் பிரித்தெடுத்த பிரீட்ரிக் மீஷர், பின்னர்த் தம் சொந்த ஊராகிய பாசலுக்குத் திரும்பி, கடலை விட்டு ரைன் நதியில் ஏறிவரும் ஸால்மன் மீன் ஆகாரமே கொள்ளாமல் தன் தசையைக் கரைத்து இனப்பெருக்க உறுப்புகளை வளர்த்துக்கொள்ளும் விநோதத்தை ஆராய்ந்துவந்தார்; அம்மீனின் விந்தில் நியூக்ளீனோடு சேர்ந்திருந்த காரப்பொருளை அவர் 1874இல் புரோட்டமின் எனப் பெயரிட்டு வெளியிட்டார். ஆல்பிரெக்ட் காஸல் அதன் ரசாயன அமைப்பைத் துருவி ஆராய்ந்து, ஸ்டர்ஜன் மீனின் புரோட்டமினிலிருந்து 1896இல் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தைக் கண்டறிந்தார். 1910இல் நோபல் பரிசும் பெற்றார். டென்மார்க் வைத்தியர் ஹாகடோர்ன் 1936இல் புரோட்டமினை இன்சுலினோடு கூட்டி அதன் பலன் நீடிக்கச் செய்ததும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினின் வேகத்தை இது தணிக்கும் என்று 1937இல் தெரியவந்ததும் வைத்தியர்கள் நன்கறிந்த விஷயங்கள்.

புரோட்டமினுக்கு உயிரணுவுக்குள் ஊடுருவும் திறமையும் உண்டு. கொழுப்பு மயமான உயிரணுச் சவ்வை மின்னேற்றமுள்ள பெரிய மூலக்கூறு எதுவும் எளிதில் ஊடுருவாது என்பதே நெடுங்காலக் கொள்கை. ஆயினும் ஹிஸ்டோன் போன்ற காரப் புரதங்களின் முன்னிலையில் புற்றணுக்கள் ஆல்புமினை மிகுதியாக உட்கொள்வதை ரைசர், ஹான்காக் என்னும் ஆய்வாளர்கள் 1965இல் கண்டனர். எய்ட்ஸ் வைரஸின் டாட் புரதம் தானாகவே உயிரணுவினுள் பிரவேசிப்பது 1988இல் தெளிவாயிற்று. அத்திறமைக்கு ஆர்ஜினினே பெரிதும் பொறுப்பு என்று பின்னர்த் துணிந்தபோது, ஆர்ஜினின் நிரம்பிய மீன்புரதத்தின்மேலும் கவனம் திரும்பிற்று. 2005இல் வெளியான ஆய்வொன்று புரோட்டமினும் சவ்வைக் கடக்க வல்லதென்று காட்டியது.

உயிரணுவின் வெளிப்புறத்தில் எதிர்மின்னேற்றத்தோடு படர்ந்திருக்கும் ஹெப்பாரான் சல்பேட், ஹெப்பாரினுக்கு நெருங்கிய உறவான பொருளாதலால், ரத்தத்தில் ஹெப்பாரினைப் பற்றிக்கொள்ளும் அதே சுபாவத்தாலேயே புரோட்டமின் உயிரணுவின் மேலும் ஒட்டிக்கொள்ளுகிறது. ஒட்டிய பகுதியில் சவ்வு உட்குழிந்து அதை ஒரு சிறு பையாக மூடி உள்ளே வாங்கிக்கொள்ளுகிறது. நுழைவது எளிது, அப்பையிலிருந்து வெளியேறுவதே அரிது. உட்சென்றதில் பெரும்பகுதி அங்கேயே சிதைந்துபோவதால், இதைக் கொண்டு டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. முதலியவற்றை உயிரணுவுக்குள் அனுப்ப முயல்வோர்க்கு இதுவே பெரும் தடை. டி.என்.ஏ.வை நெருக்கிச் சுருட்டி வைப்பதற்காக மட்டுமே மீனுக்கு அமைந்த இப்புரதத்தின் ஊடுருவும் சக்தி, அந்த மீனுக்கு யாதொரு பிரயோஜனமும் அற்றதாகவே தோன்றுகிறது.

மருந்துக்குரிய புரோட்டமின் இன்றும் பெரும்பாலும் ஸால்மன் விந்திலிருந்தே எடுக்கப்படுவதால், மீன் ஒவ்வாதவர்களுக்கு இதை ஊசிவழி செலுத்துகையில் வைத்தியர்கள் எச்சரிக்கை கொள்வது வழக்கம்.