ராஜா வீட்டுப் பிள்ளையின் நாட்குறிப்பு

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பதின்மூன்றாம் லூயி நினைவிருக்கும். ஆசிரியர் சொன்னதை மனப்பாடம் செய்து ஒப்பித்தோம்: ரிஷ்லியூ அவருடைய மந்திரி, லா ரொஷேல் முற்றுகை அவர் காலத்தில் நடந்தது, பதினான்காம் லூயி அவருடைய மகன். அவ்வளவுதான். அந்த ராஜா ஒரு காலத்தில் தத்தித் தத்தி நடந்த பிள்ளை என்று எந்தப் பாடமும் சொல்லவில்லை. அதை நான் தெரிந்துகொண்டது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான்.

லூயி 1601 செப்டம்பர் 27-ஆம் தேதி ஃபொந்தேன்புளோ அரண்மனையில் பிறந்தார். தகப்பனார் நான்காம் ஆன்ரி, தாயார் மரி தெ மெதிசி. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு வைத்தியர் நியமிக்கப்பட்டார். பெயர் ழான் எரோவார். மொம்பெலியேவில் படித்தவர், வயது ஐம்பது. இதில் ஒரு வேடிக்கை: இந்த மனிதர் இரண்டு வருஷம் முன்பு, 1599-இல், வெளியிட்ட புத்தகம் குதிரையின் எலும்புகளைப் பற்றியது!

ஆனால் ராஜா வீட்டுப் பிள்ளை கையில் வந்ததும் அவர் ஒரு காரியம் செய்தார். தினமும் எழுதினார். பிள்ளை எத்தனை மணிக்கு எழுந்தது, என்ன சாப்பிட்டது, எதைத் துப்பியது, மலம் எப்படி இருந்தது, எதற்கு அழுதது, எப்போது தூங்கியது, எல்லாவற்றையும். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. 1628-இல் லா ரொஷேல் முற்றுகையின்போது ராஜாவுடன் போன இடத்தில் எரோவார் இறக்கும் வரை, 26 வருஷம்! நம் அலுவலகங்களில் வருகைப் பதிவேட்டைக்கூட இவ்வளவு ஒழுங்காக எழுதியவர்கள் குறைவு.

குழந்தைக்குப் பால் உறிஞ்ச முடியவில்லை. பிறந்த சில நாட்களிலேயே நாக்கின் அடியில் இருந்த சவ்வைக் கத்தரித்துவிட்டார்கள். செவிலித்தாய்க்குப் பால் போதவில்லை என்று ஆளை மாற்றினார்கள். ஒன்றரை வயதுக்குள் கையில் பிடில் கொடுத்தால் இழுத்துக்கொண்டே பாடுவான். மரக்குதிரை, காற்றாடி, பம்பரம் என்று விளையாட்டுச் சாமான்கள். மேளம் என்றால் உயிர். அந்தக் காலத்தில் ஆண் பிள்ளைகளுக்கும் கவுன்தான் போடுவார்கள். நடை பழகும்போது விழாமல் இருக்க, அதன் தோளில் நீள நாடா தைத்துப் பின்னால் இருந்து ஒருவர் பிடித்துக்கொள்வார். நம் வீட்டு நடைவண்டி செய்த வேலையை அங்கே நாடா செய்தது.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு. எரோவார் பிள்ளையின் மழலையைத் திருத்தவில்லை. காதில் விழுந்தபடியே எழுதினார். வளர்த்த அம்மாள் மதாம் தெ மொங்லா. பிள்ளையின் வாயில் அது 'மமாங்கா'. 400 வருஷத்துக்கு முன் பிரெஞ்சு எப்படிப் பேசப்பட்டது என்று ஆராய்பவர்கள் இன்று இந்த மழலையைத்தான் புரட்டுகிறார்கள்.

அதே குறிப்பில்தான் இதுவும் இருக்கிறது: 1603 அக்டோபரில், இரண்டு வயது முடிந்த சில நாட்களில், பிடிவாதம் பிடித்ததற்காகப் பிள்ளைக்கு முதல் அடி விழுந்தது. அதற்குப் பிறகு அடிக்கடி விழுந்தது. தகப்பனார் கொடுமைக்காரர் அல்ல. பிள்ளைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு அவர் குதிரையாகத் தவழ்வதைப் பிற்காலத்தில் ஆங்கர் என்ற ஓவியர் படமாகவே வரைந்திருக்கிறார். அந்தத் தகப்பனாரே 1607 நவம்பரில் மதாம் தெ மொங்லாவுக்குக் கடிதம் எழுதி, பிள்ளை அடம் பிடிக்கும்போதெல்லாம் அடிக்கச் சொல்கிறார். அதைவிட நன்மை தருவது வேறில்லையாம். தானும் அந்த வயதில் நிறைய அடி வாங்கியவன் என்று காரணமும் காட்டுகிறார். 1610 மே மாதம் அவர் கத்திக் குத்துக்குப் பலியானார். எட்டு வயதுப் பிள்ளை ராஜாவானான். ராஜாவான பிறகும் அடி நிற்கவில்லை. திக்குவாய் அவரைக் கடைசி வரை விடவில்லை.

நமக்கு மட்டும் என்ன? 'அடியாத மாடு படியாது' என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள், நாமும் வளர்த்தோம். என் மகனுக்கு இரண்டு வயதிருக்கும். அலுவலகப் பதிவேடு ஒன்றை வேலை முடிக்க வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். மைப்புட்டியை அதன்மேல் கவிழ்த்துவிட்டு, நீலக் கையைக் காட்டிச் சிரித்தான். ஓங்கி ஓர் அறை விட்டேன். "அவனுக்கு மையும் பாலும் ஒண்ணுதானேங்க" என்றாள் என் மனைவி. அன்று அவளையும் அதட்டினேன். அந்தப் பதிவேடு எதைப் பற்றியது என்று இன்று எனக்கு ஞாபகம் இல்லை. அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

எரோவாரின் குறிப்பு 1868-இல்தான் முதலில் அச்சானது, அதுவும் சுருக்கமாக. முழுப் புத்தகம் 1989-இல் வந்தது. ராஜாவுக்குக் கீழே வேலை பார்த்தவர் பல் முளைத்ததையும் எழுதினார், அடி விழுந்ததையும் எழுதினார். அதனால்தான் அந்தப் பிள்ளையை இன்று நாம் பார்க்க முடிகிறது.

30 வருஷத்துக்கு மேல் சர்க்காருக்காக எழுதிய நான், என் பிள்ளையைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. மனைவியின் பழைய பால் கணக்கு நோட்டில், கடைசிப் பக்கத்தில், அவன் முதல் பல் முளைத்த தேதியும் முதல் அடி எடுத்து வைத்த தேதியும் பென்சிலில் இருக்கின்றன. எங்கள் வீட்டுக்கு எரோவார் அவள்தான்.

பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவர்கள் இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கிவிடுங்கள். மழலையைத் திருத்தாமல் எழுதுங்கள். கை ஓங்கினால் அதையும் எழுதுங்கள். எழுத வேண்டுமே என்றாவது கை கொஞ்சம் தயங்கும்.