கணக்கு உதைக்கும் இடம்

எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் லாரிகள் வால் நீட்டி நிற்பதைப் பார்த்து எல்லோரும் துறைமுகத்தைத் திட்டுவார்கள். ஏதோ ஒரு கன்டெய்னர் யார்டின் பின்னறையில், சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே கிடந்த இரண்டு மீட்டர் கேபிளும் அதற்குக் காரணமாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். திருவொற்றியூர், மணலி, எண்ணூர்ப் பக்கம் லேன் கேபிள் இழுத்தே பிழைத்தவன் நான். கேபிள் அறுந்தால் நிம்மதி, மாற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அறாமல், நூற்றுக்கு இரண்டு மூன்று பேக்கெட்டை மட்டும் விழுங்குகிற கேபிள்தான் உயிரை எடுக்கும். கேட் சீட்டு ஒரு வண்டிக்கு உடனே அடிக்கும், அடுத்த வண்டிக்கு அடிக்காது. டிரைவர் இறங்கி வந்து, "இன்னாப்பா, சிஸ்டம் தூங்குதா?" என்பார். எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று பிங் போட்டால் பதில் ஒழுங்காக வரும்.

இந்தத் தலைவலி கம்ப்யூட்டரோடு பிறந்ததில்லை. ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறந்தபோது சென்னைக்கு ஏற்கெனவே தந்தி வந்திருந்தது. ஓஷாக்னசி என்ற டாக்டர் கல்கத்தாவில் 1839இல் சோதித்துப் பார்த்து, 1853இல் நடத் தொடங்கிய கம்பி அது. 1871இல் இங்கிருந்து பினாங்குக்குக் கடலடியில் கேபிள் போனது. அன்றைக்கும் கம்பி அறுவது பெரிய காரியமில்லை. கம்பியைத் தாங்கும் பீங்கான் குமிழில் உப்பு படியும். மார்கழிப் பனி அதில் இறங்கினால் மின்சாரம் கம்பத்தின் வழியே மண்ணுக்குள் கசியும். வெயில் ஏறியதும் லைன் சரியாகிவிடும். கோளாறு பார்க்க ஆள் வந்து சேரும்போது கோளாறு இருக்காது.

எங்கள் தெருவில் ரயில்வே சிக்னல், தந்திப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருந்தார். எனக்குக் கோளாறு பார்க்கச் சொல்லிக்கொடுத்தது எந்தக் கோர்ஸும் இல்லை, அவர்தான். "பாதில வெட்டிப் பாருடா. நல்ல பாதிய வுட்டுடு. கெட்ட பாதிய மறுபடி பாதியாக்கு." நடு ஸ்டேஷனில் கம்பியை எர்த் செய்யச் சொல்லி, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்ப்பார்களாம். தொண்ணூறுகளில் தொழிற்சாலைகளில் நான் கண்ட முதல் நெட்வொர்க் ஒற்றைக் கருப்புக் கோஆக்ஸ் கேபிள். தீபாவளி சீரியல் பல்பு மாதிரி எல்லாக் கம்ப்யூட்டரும் அதில் வரிசையாகத் தொங்கும். இரண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர் ஒவ்வொன்று. யாராவது மேசையை நகர்த்தி டி-கனெக்டரிலிருந்து கேபிள் கழன்றால் மொத்த ஆபீஸும் படுத்துவிடும். நடுவில் கழற்றி இன்னொரு டெர்மினேட்டரை மாட்டி, எந்தப் பாதிக்கு உயிர் வருகிறது என்று பார்ப்பேன். பெரியவரின் வித்தை அப்படியே செல்லுபடியானது.

தந்திக்காரர்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. செய்தியின் தலைப்பிலேயே அதில் எத்தனை சொல் என்று எழுதி அனுப்புவார்கள். வாங்குகிறவர் எண்ணிப் பார்ப்பார். கணக்கு உதைத்தால் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்பார். ஈதர்நெட்டும் இதையேதான் செய்கிறது: ஒவ்வொரு ஃபிரேமின் வாலிலும் 32 பிட்டில் ஒரு சரிபார்ப்பு எண். ஸ்விட்ச் அதைக் கணக்கிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் ஃபிரேமைத் தூக்கி எறியும். ஆனால் அனுப்பியவரிடம் ஒரு வார்த்தை சொல்லாது. பதில் வராததைப் பார்த்து சர்வர்தான் கொஞ்சம் காத்திருந்து மறுபடி அனுப்பவேண்டும். அந்தக் காத்திருப்புதான் "சிஸ்டம் ஸ்லோ." எறிந்ததையெல்லாம் ஸ்விட்ச் தன்னிடம் ஒரு எண்ணாகக் குறித்து வைத்திருக்கும், யாராவது உள்ளே போய்ப் படிக்கவேண்டும். யார்டு ஆபீஸ்களில் அதைப் படிக்காமல் சர்வரை ரீஸ்டார்ட் செய்தே காலம் தள்ளுகிறார்கள் என்பது என் நெடுநாள் எரிச்சல்.

அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் மைக் மூஸ் பிங் நிரலை எழுதியது 1983 டிசம்பரில். இங்கே சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறந்ததும் அதே மாதம்தான். அன்று இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இன்றைக்கு முனையத்தில் எது நின்றாலும் முதலில் தட்டுவது பிங்கைத்தான். ஆனால் பிங் முழு உண்மை சொல்லாது. ஒரு சரக்குக் கிடங்கில் பிங் சுத்தமாக ஓடியது. பெரிய ஃபைலை காப்பி செய்தால் மூச்சுத் திணறியது. சர்வரில் யாரோ 100 எம்பி, ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இருபக்கப் பேச்சு) என்று கையால் வைத்திருந்தார்கள். ஸ்விட்ச், எதிர்முனையோடு பேசி முடிவுசெய்யும் ஆட்டோவில் இருந்தது. 1995இல் வந்த விதிப்படி, எதிர்முனை பேச்சுவார்த்தைக்கே வராவிட்டால் ஸ்விட்ச் வேகத்தை மட்டும் ஊகித்துக்கொண்டு ஹாஃப் டூப்ளெக்ஸில் (ஒரு நேரத்தில் ஒரு பக்கப் பேச்சு) உட்காரும். சர்வர் இஷ்டத்துக்கு அனுப்பும். தான் பேசும்போது எதிரில் பேச்சு வந்தால் ஸ்விட்ச் அதை மோதல் என்று நினைத்து, அனுப்பிக்கொண்டிருந்த ஃபிரேமைப் பாதியில் நிறுத்தும். பிங் போய், பிறகுதான் திரும்பும், ஆகவே மோதாது. போக்குவரத்து கூடினால்தான் குட்டு உடையும்.

இந்த டூப்ளெக்ஸும் புதிதில்லை. ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் இருபக்கமும் பேசுவது 1870களிலேயே இந்தியத் தந்தியில் நடந்தது. கல்கத்தாவிலிருந்த லூயி ஷ்வெண்ட்லர் அதன் கோட்பாட்டை 1874இல் எழுதினார். தந்தி லைன்களைச் சோதிக்க அரசுக்காக அவர் எழுதிய கையேடு 1878இல் வந்தது. இருமுனையிலும் ஒரு செயற்கை லைனை வைத்து, அதை உண்மையான லைனுக்குச் சமமாக நிறுத்தவேண்டும். மழையில் லைன் கசிந்தால் சமநிலை போய்விடும்; ஆபரேட்டர் திருகைத் தொட்டுச் சரிசெய்துகொண்டே இருக்கவேண்டும். இரண்டு முனைக்கும் ஒத்துப்போகாத சங்கடம் இங்கே நூறு வருஷத்துக்கும் மேல் பழையது.

1999இல் வந்த செப்புக்கம்பி கிகாபிட்டில் ஆட்டோ பேச்சுவார்த்தை கட்டாயமானதால் டூப்ளெக்ஸ் சண்டை குறைந்துவிட்டது. உப்பு குறையவில்லை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோர ஆபீஸ்களில் ஆர்ஜே 45 ஊசிகளின் தங்கப் பூச்சு தேய்ந்த இடத்தில் பச்சை பிடிக்கும். சோதிக்கும்போது கழற்றி மாட்டுவோம், அந்த உரசலிலேயே பச்சை விலகி லைன் சரியாகிவிடும். அடுத்த வாரம் மறுபடி போன் வரும். அதனால் கழற்றுவதற்கு முன்பே ஸ்விட்சின் பிழை எண்ணைக் குறித்துக்கொள்வேன். புதுக் கேபிளை மாட்டி, எண்ணைப் பூஜ்யமாக்கி, ஒருநாள் முழுக்க லாரி ஓடவிட்டுப் பார்ப்பேன்.

இப்போது யார்டுகளில் ஃபைபர் போடச் சொல்கிறார்கள். கண்ணாடி துருப்பிடிக்காது என்பது சரி. ஆனால் தூசி பறக்கும் நிலக்கரியைச் சென்னைத் துறைமுகம் கையாளக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2011இல் சொன்னபிறகு அந்தக் கரி வடக்கே எண்ணூருக்குப் போனது. சிங்கிள் மோட் ஃபைபரில் ஒளி போகும் பாதை சுமார் 9 மைக்ரான். கண்ணுக்குத் தெரியாத கரித்துகள் ஒன்று அதை மறைக்கப் போதும். மூடியைக் கழற்றி, முனையைத் துடைக்காமல் மாட்டுகிற பையன்களோடு எனக்கு இப்போது தினமும் சண்டை.